புண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்பு

எங்கள் மில்லில் அவரை மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோரும் ‘அம்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். தறியிலிருந்து இறங்கும் துணி, சாய்வாக வைத்த ஒரு கண்ணாடி மேஜை மேல் ஓடும். கண்ணாடிக்கு அடியில் குழல் விளக்கு எரியும். அவர் மேஜைக்கு முன்னால் நின்று ஓடுகிற துணியைப் பார்ப்பார். இழை அறுந்திருந்தாலோ, முடிச்சு விழுந்திருந்தாலோ, எண்ணெய்க் கறை பட்டிருந்தாலோ காலால் கட்டையை மிதித்து மேஜையை நிறுத்தி, அந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. அந்த அம்பைப் பார்த்து ஊசியும் நூலுமாக உட்காருவது என் வேலை. நான் மெண்டிங் செக்‌ஷன். பத்தொன்பது வருஷமாக அவர் குற்றம் சொல்கிறார், நான் தைக்கிறேன். பல வீடுகளில் புருஷன் பெண்டாட்டியே இவ்வளவு ஒழுங்காக வேலையைப் பிரித்துக்கொண்டது கிடையாது.

குற்றத்துக்குக் கணக்கு உண்டு. மூன்று அங்குலம் வரை ஒரு பாயிண்ட், ஆறு வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நாலு. பாயிண்ட் கூடிப்போனால் ரோல் ரிஜெக்ட். மற்ற செக்கர்கள் டீ குடிக்கும் அவசரத்தில் ஒன்றிரண்டை விட்டுவிடுவார்கள். அவர் விட்டதில்லை. ஒரு நாள்கூட தாமதமாக வந்ததில்லை. பொய் சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது. ஒரு தடவை மேனேஜர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து “எப்படி இருக்கு?” என்று கேட்டபோது, “காலர்ல ரெண்டு பாயிண்ட் சார்” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அவருக்குப் பிரமோஷன் ஏன் வரவில்லை என்று யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். அண்ணியை, அதாவது அவர் மனைவியை, முதல்முதலாகப் பார்த்ததும் அவர் சொன்ன வார்த்தை: “தோள்கிட்ட ஒரு இழை இழுத்திருக்கு.” அண்ணி ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். தினம் ஆயிரம் பேர் முகத்தைப் பார்க்கிறவர். “உங்க சட்டையில பட்டன் ஒண்ணு மாத்திப் போட்டிருக்கீங்க” என்றாராம். கல்யாணம் முடிவானது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். செக்கிங் ஆளுக்கு விரல் வழவழப்பாக இருக்க வேண்டும். நகக்கண்ணில் தோல் உரிந்து நின்றால் துணியில் மாட்டி இழையை இழுத்துவிடும். அதனால் கட்டைவிரலில் சொரசொரப்பாக எது தட்டுப்பட்டாலும் உடனே பிய்த்துவிடுவார். பிய்த்த இடம் காய்ந்து மறுபடி சொரசொரக்கும், அதையும் பிய்ப்பார். இரண்டு கட்டைவிரலிலும் வருஷம் முழுக்கப் பிளாஸ்திரி இருக்கும். தொழில் பக்தி என்று நாங்கள் மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மில் குடியிருப்பில் அவர் வீடும் என் வீடும் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வளர்ந்தவள்தான் பாப்பா. ஒரே பெண். பதினைந்து வயதாகி, பத்தாம் வகுப்புக்குப் போன பிறகும் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். என்னை அத்தை என்பாள். அமைதியான பிள்ளை. வீட்டுப்பாடம் எழுதி முடித்ததும் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஓர் எழுத்து அடித்திருந்தால்கூட அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பார்கள். இங்கே கொஞ்சம் மாறி, தகப்பனை அப்படியே பிரதி எடுத்திருந்தது. “என்ன சுத்தம் பாரு!” என்று எல்லோரும் பாராட்டினோம். நானும்தான் பாராட்டினேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலில் தாடையில் ஒரு பரு வந்தது. அந்த வயதில் வருவதுதான். அது ஆறாமல் புண்ணானது. பிறகு இடது கையில் பட்டாணி அளவில் நாலைந்து புண். பிறகு இரண்டு தோள்களிலும். ஒன்று காய்ந்தால் பக்கத்தில் இரண்டு கிளம்பும். மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கினார்கள், கேட்கவில்லை. இன்னொரு களிம்பு, அதுவும் கேட்கவில்லை. அவர் காரணத்தைத் தேட ஆரம்பித்தார். சோப்பை மாற்றினார். தண்ணீரைக் காய்ச்சினார். தலையணை உறைகளை மூன்று தடவை வேகவைத்தார். கடைசியில் சந்தேகம் என் பூனை மேல் வந்தது. பூனையை என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினேன். புண் குறையவில்லை. பூனை அங்கே நன்றாகக் கொழுத்தது.

ஒரு சாயந்திரம், வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குள் போனேன். ஏழு மணி இருக்கும். சாப்பாட்டு மேஜை மேல் டேபிள் லைட் எரிந்துகொண்டிருந்தது. பாப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு கைகளையும் வெளிச்சத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டு. அதில் இரண்டு கைகளின் படம், தேதி, எண்கள். பிள்ளையின் கையில் ஒவ்வொரு புண்ணுக்கும் பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்ன அம்பு.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். புண்ணுக்குப் பக்கத்தில் அம்பு ஒட்டுவதை அன்றுதான் பார்த்தேன்.

“என்னண்ணே இது?”

“எது பழசு, எது புதுசுன்னு தெரிய வேணாமா? நாளைக்கு டாக்டர் கேட்டா என்ன சொல்றது?”

“இது பிள்ளைண்ணே. துணி பீஸ் இல்ல.”

“அதனாலதான் சின்ன ஸ்டிக்கரா எடுத்துட்டு வந்தேன்” என்றார். கேலியே இல்லை. மில்லில் பெரியது, சின்னது என்று இரண்டு அளவு உண்டு. மகளுக்கென்று பார்த்துப் பொறுக்கிச் சின்னதைக் கொண்டுவந்திருக்கிறார். அந்த மனுஷனுக்குப் பாசத்தைக் காட்ட வேறு வழி தெரியவில்லை. அதுதான் உண்மை.

அந்த வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். பத்தொன்பது வருஷமாக ஓட்டைகளையே பார்க்கிறவள் நான். தறியில் விழுந்த ஓட்டைக்கு ஓரம் ஒரு மாதிரி இருக்கும், கையால் வந்த ஓட்டைக்கு வேறு மாதிரி. மெண்டிங்கில் சேர்ந்த முதல் மாதமே இது தெரிந்துவிடும். பிள்ளையின் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என் கண்ணைப் பார்த்தாள், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. சட்டென்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பதினேழு நாள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வீட்டு விஷயம், நமக்கு எதற்கு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அந்தப் பதினேழு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

அந்தப் பதினேழு நாளில் என்ன நடந்தது என்றால், பள்ளிக்கூடத்தில் பாப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். யாரோ ஒட்டுவியாதி என்று கிளப்பிவிட்டார்கள். இரண்டு நாள் தனி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் பாப்பா போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. வகுப்பு டீச்சர் அண்ணிக்குப் போன் செய்தார். ஏற்கெனவே விடுப்பு அதிகம், அடுத்த மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் பரீட்சை எழுத முடியாது, ஒரு வருஷம் போய்விடும் என்றார். அண்ணி போனை வைத்துவிட்டு, “இனிமே களிம்பு வேணாம், பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்” என்றார்.

அண்ணிக்கு அன்று காலை ஷிப்ட். அதனால் துணைக்கு நான் போனேன். தோல் டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. நூறு பேரைப் பார்த்துக் களைத்த முகம். அண்ணன் நோட்டை எடுத்து நீட்டினார். பாப்பாவின் கையில் அன்று காலைதான் புதிதாக ஒட்டிய அம்புகள் பளபளத்தன. டாக்டர் அம்புகளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

“எந்தக் கையால எழுதுவேம்மா?”

“வலது கை.”

“முதுகைக் காட்டு.”

திரைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்தார். முதுகின் நடுவில் கை எட்டாத இடம் முழுக்க ஒரு புண்கூட இல்லாமல் பூப்போல இருக்கிறது என்று நோட்டைப் பார்க்காமலே சொன்னார். அண்ணன் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு நோட்டில் குறித்துக்கொண்டார். டாக்டர் இடது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கெட்டியாகக் கட்டினார். “பத்து நாள். யாரும் பிரிக்கக் கூடாது, யாரும் பாக்கக் கூடாது” என்றார். இரண்டாவது ‘யாரும்’ அண்ணனைப் பார்த்துச் சொன்னது.

பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது உள்ளே எல்லாம் ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. கட்டில்லாத வலது கையில் புதிதாக ஐந்து. டாக்டர் பாப்பாவை எடை பார்க்க நர்ஸுடன் அனுப்பிவிட்டு, நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கை படாத இடத்துல ஆறிடுது. கை படற இடத்துல வருது. உங்களுக்குப் புரியுதா?”

அண்ணனுக்குப் புரிந்தது. முகம் கறுத்தது. “என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா டாக்டர். தானா வருதுன்னு சொல்றா.”

“பொய்னு யாரு சொன்னா? பாதி நேரம் கை போறதே அவளுக்குத் தெரியாது. மீதி நேரம் தெரிஞ்சாலும் நிறுத்த முடியல. கேட்டா சொல்ல வெக்கம். இந்த வயசுல நிறைய பிள்ளைங்க இப்படி வர்றாங்க. வாய் வழியா வராததெல்லாம் சிலருக்கு நகம் வழியா வருது.”

“அப்போ... பைத்தியமா?”

“இல்ல. பதட்டம். உள்ளுக்குள்ள அடைச்சு வச்சது. தோலுக்கு நான் மருந்து தரேன். மனசுக்குப் பக்கத்து பில்டிங்ல ஒருத்தர் இருக்காரு. திட்டாதீங்க, கையைத் தட்டிவிடாதீங்க, ‘ஏன் பண்றே’ன்னு கேக்காதீங்க. தெரிஞ்சா அவளே நிறுத்தியிருப்பா.”

அண்ணன் கையிலிருந்த நோட்டை மூடினார். பிறகு கெஞ்சுகிற குரலில், “வேற ஏதாவது நல்ல வியாதியா இருக்காதா டாக்டர்?” என்று கேட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது பாப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

“தெரியும்ணே.”

“எப்படி?”

“ஓரத்தைப் பாத்தா தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க தினம் லைட் போட்டுப் பாக்கறீங்க. உங்க கண்ணுக்குத் தப்பினதை நான் எப்படிச் சொல்றது?”

அவரைக் குத்துவதற்காகச் சொன்னதில்லை, ஆனால் குத்தியது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு முடிச்சுகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அப்படித் தப்பிய ஒரே குற்றம் அவர் வீட்டு மேஜையில் இருந்தது. கட்டைவிரல் பிளாஸ்திரியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இறங்கும் இடம் வரை வந்தார்.

மனநல ஆலோசகரின் அறை ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பக்கத்தில். சின்ன வயதுக்காரர். உள்ளே மூன்று நாற்காலிதான், அதனால் அண்ணன், அண்ணி, பாப்பா மூவரும் உள்ளே போனார்கள். நான் வெளியே பெஞ்சில். கதவில் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, ஒரு சாண் திறந்தே இருந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

“ஏன் பண்றேன்னு நான் கேக்கப் போறதில்ல” என்று அவர் பாப்பாவிடம் சொன்னார். “எப்போன்னு மட்டும் சொல்லு, போதும்.”

 கேன்டீனில் டம்ளர் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“ஆறரைக்கு.”

“அதென்ன ஆறரை?”

“ஏழு மணிக்கு அப்பா லைட் போடுவாரு. அதுக்கு முன்னாடி பாத்ரூம் போய், மேடா தட்டுப்படறதை எல்லாம் எடுத்துட்டா வழவழன்னு இருக்கும். அப்பாவுக்கு பாயிண்ட் குறையும்னு.” பிறகு, “ஆனா கூடிடுது” என்றாள்.

“அப்பா லைட் போட்டுப் பாக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி? முதல்முதல்ல எப்போ?”

“காலாண்டுப் பரீட்சை அப்போ. கணக்குல தொண்ணூத்தொம்பது வாங்கினேன். அப்பா, ‘அந்த ஒண்ணு எங்க போச்சு?’ன்னு கேட்டாரு.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: “திட்டல சார். அப்பா திட்டவே மாட்டாரு. சும்மாத்தான் கேட்டாரு. நான் அதைத் தேடிக்கிட்டே படுத்திருந்தேன். தாடையில பரு கைக்குத் தட்டுப்பட்டுச்சு.”

“பண்ணும்போது எப்படி இருக்கும்?”

“கொஞ்ச நேரம் தலைக்குள்ள எதுவும் கேக்காது. நல்லா இருக்கும். அப்புறம் பாத்தா ரத்தம். அப்புறம் அழுகையா வரும்.”

அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன். கேன்டீன்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அந்த அறைக்கு வெளியே அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர் போல. உள்ளேயிருந்து வரும்போது அண்ணி பாப்பாவின் தோளைப் பிடித்திருந்தார். அண்ணன் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நோட்டை மார்போடு கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இருந்த குப்பைக்கூடையில் அந்த நோட்டைப் போட்டார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிவந்து, மற்ற காகிதங்களோடு சேராமல் கோணலாகக் கிடந்ததால், அதை நேராக்கி வைத்தார்.

ஆலோசகர் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருந்தார். அண்ணி பாத்ரூம் கண்ணாடியில் தாளை ஒட்டி மறைத்தார். பாப்பா வாரம் இரண்டு தடவை நகம் வெட்ட வேண்டும். கை எப்போது போகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும், போனதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்ளக் கூடாது. ஆறரை மணிக்கு விரலுக்கு வேறு வேலை வேண்டும். அதை நான் ஏற்றுக்கொண்டேன். ரிஜெக்ட் ஆன துணித்துண்டுகளைச் சொல்லிவைத்து வாங்கிவந்தேன். அதில் இருக்கும் முடிச்சுகளைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மில்லில் இதற்குத் தனியாக ஆள் உண்டு, சலிப்புப் பிடித்த வேலை. பாப்பா தினம் ஆறரைக்கு என் வீட்டுக்கு வந்து, சத்தம் போடாமல் முடிச்சு முடிச்சாக எடுத்துக்கொண்டிருப்பாள். “அத்தை, இதுல ஓட்டை விழுந்துடுச்சு” என்று முதல் வாரம் பயந்துகொண்டே காட்டினாள். “விழட்டும்டி. ரிஜெக்ட் துணிதானே. என்னை மாதிரி நாலு பேர் பொழைக்க வேணாமா?” என்றேன். அவளைச் சிரிக்கவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கடைசியில் பூனை கொழுத்த கதைக்குத்தான் சிரித்தாள்.

இருப்பதிலேயே கஷ்டமான வேலை அண்ணனுக்கு. பார்க்கக் கூடாது. லைட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, ஓரக்கண்ணும் கிடையாது. அதற்குப் பதிலாக, தினம் ஏழு மணிக்கு, லைட் போடுகிற அதே நேரத்தில், கால் மணி நேரம் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். தோல், படிப்பு, மார்க் மூன்றைப் பற்றியும் பேசக் கூடாது. அந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அவரிடம் பேச ஒன்றுமே இல்லை என்பது முதல் நாளே தெரிந்துபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும்.

“இன்னைக்கு மழை வரல.”

“ஆமாப்பா.”

ஐந்து நிமிஷம்.

“நேத்தும் வரல.”

“ஆமாப்பா.”

மறுநாள் மில்லில், “என்னண்ணே, வானிலை அறிக்கை எப்படிப் போகுது?” என்று கேட்டேன். முறைத்தார். பத்தாம் நாள் விஷயம் தீர்ந்துபோய், தான் மில்லில் சேர்ந்த முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். முதல் நாளே ஒரு பெரிய எண்ணெய்க் கறையை விட்டுவிட்டாராம். அப்போதைய சூப்பர்வைசர் அந்தத் துணியை அவர் கழுத்தில் போட்டு, செக்‌ஷன் முழுக்க நடக்கவைத்தாராம். எனக்கே இது புதுச் செய்தி. சுவர்ப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“அப்புறம்?” என்று பாப்பா கேட்டாள்.

“அப்புறம் ஒண்ணும் விடல.”

“பயமாப்பா?”

“ம்” என்றார் அவர்.

புண்கள் ஆறின. ஒரே நாளில் இல்லை, இரண்டு ஆறினால் ஒன்று வரும், ஆனால் கணக்கு மெதுவாக இந்தப் பக்கம் சாய்ந்தது. ஒட்டுவியாதி இல்லை என்று டாக்டர் கொடுத்த சீட்டை அண்ணி பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது பாப்பா தானாகவே சொன்னாள்: “திங்கக்கெழம போறேம்மா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பாப்பா தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினாள். சட்டைக் கை மேலே ஏறியது. முழங்கைக்குக் கீழே புதிதாக, சிவப்பாக ஒன்று. பெரியது. நாளைக்குப் பள்ளிக்கூடம் என்கிற பயம் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்தேன், அண்ணி பார்த்தார். அண்ணன் பார்த்தார்.  பாப்பா செம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு பெருமூச்சு விட்டிருந்தால்கூட, அவள் மறுநாள் கதவைத் தாண்டியிருக்க மாட்டாள். எனக்கு அது நிச்சயம்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கை கழுவிக்கொண்டு, வெளியே போய் வாசல்படியில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது கை இடது கட்டைவிரலுக்குப் போனது. பிளாஸ்திரியைக் கழற்றியது. பிய்க்க ஆரம்பித்தது. கண் சுவரில்தான் இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். இத்தனை வருஷம் நான் தினம் பார்த்த காட்சிதான். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது. நான் வெறும் மெண்டிங் ஆள், எனக்கு அம்பு இருந்தால்தான் தெரியும்.

பாப்பா உள்ளே போனாள். மேஜை டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டது. சிவப்பு ஸ்டிக்கர் சுருளோடு வெளியே வந்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, ஒரு ஸ்டிக்கரை உரித்து, அவர் கட்டைவிரல் மேல், ரத்தம் வந்த இடத்துக்கு நேராக ஒட்டினாள். சின்ன ஸ்டிக்கர்தான்.

“அப்பா, இது எத்தனை பாயிண்ட்?”

அவர் விரலைப் பார்த்தார். அதற்கு முன்னால் பார்த்ததே இல்லாத மாதிரி பார்த்தார்.

“இது... இது வேலைக்காக, பாப்பா. சொரசொரன்னு இருந்தா துணியில மாட்டும்.”

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமப்பா.”

அவருக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. நன்றாக அழவும் தெரியவில்லை அவருக்கு, விக்கல் மாதிரி வந்தது. “எப்போலேர்ந்துப்பா?” என்று கேட்டாள் பாப்பா. ஏன் என்று கேட்கவில்லை, பாருங்கள். அந்த ஆலோசகருக்குச் சம்பளம் போதாது. “அந்தத் துணியைக் கழுத்துல போட்டாங்களே” என்றார் அவர், “அன்னைலேர்ந்து.”

அண்ணி பிளாஸ்திரிச் சுருளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உள்ளே வந்து ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ணினார். பாப்பா அப்பாவின் விரலில் ஒன்று ஒட்டினாள். பிறகு தன் கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே, பார்க்காமல் ஒட்டப் பார்த்தார். கோணலாகப் போய், ஓரம் மடங்கி, ஒட்டியது. செக்கிங்கில் அது நிச்சயம் இரண்டு பாயிண்ட். இரண்டு பேரும் அதை அப்படியே விட்டார்கள்.

மறுநாள் காலை ஸ்கூட்டரில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டார். எங்கள் மில் பஸ் அந்த வழியாகத்தான் போகும். அன்று பார்த்து பள்ளி வாசலில் நெரிசல், பஸ் நின்றுவிட்டது. நான் ஜன்னலில் இருந்தேன். பாப்பா அரைக்கைச் சட்டையில், பையை மாட்டிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். உள்ளே போகவில்லை. அண்ணன் உத்தரவுப்படி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னவோ சொன்னாள், அவர் தலையைத் திருப்பவில்லை. அவள் குரலை உயர்த்தினாள். எனக்கே கேட்டது.

“அப்பா, பாக்கலாம்ப்பா. கையை இல்ல. என்னைப் பாரு.”

அவர் பார்த்தார். எங்கள் பஸ் நகரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போய், மைதானத்தைத் தாண்டி, படியேறி மறைந்த பிறகும் அந்த மனுஷன் அங்கேயே நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் அன்று மில்லுக்கு இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். மேஜைக்குப் பின்னால் துணி மலைபோலக் குவிந்திருந்தது. சூப்பர்வைசர் ஆச்சரியத்தில் கோபப்படக்கூட மறந்துபோய், “என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“வண்டி பஞ்சர் சார்” என்றார் அம்பு.

பஞ்சரும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் அவர் பக்கம் பார்த்தேன், அவர் கண்ணாடி மேஜை பக்கம் பார்த்தார். மனுஷனுக்குப் பொய் சொல்லக்கூட வந்துவிட்டது. தேறிவிடுவார்.